ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் எவ்வளவு தூரம்?

(இசை ஊழியம் செய்கிறவர்களுக்கான பாடம்)



பிரியமானவர்களே, இந்த மாதம் நான் பிரசங்கம் பண்ணப் போவதில்லை. கிட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஆறு கம்பியையும் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் எனக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போகிறேன்.

2006-ஆம் வருஷம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் துக்க வீடு. வீட்டுக்காரர் நித்திரையடைந்து மூன்றாம் நாள். ஆறுதல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை. கீபோர்டு வாசிக்கிற சகோதரன் வந்தும் பிரயோஜனம் இல்லை. ஆகவே என் கிட்டார் மட்டும்தான். நாமக்கல் தனி மாவட்டமான 1997-இல் கிட்டாரைத் தொட்டவன் நான். ஒன்பது வருஷம் வாசித்தாயிற்று என்கிற பெருமை உள்ளே நிறைய இருந்தது.

மரித்துப்போனவருடைய மனைவி, எழுபது வயது இருக்கும், யாரையும் கேட்காமல் ஒரு பழைய கீர்த்தனையைத் தன் குரலுக்கு வந்த சுருதியில் எடுத்தார்கள். நான் ஜி பிடித்தேன், சேரவில்லை. டி பிடித்தேன், சேரவில்லை. ஈ பிடித்தேன், இன்னும் மோசம். கேப்போவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு சரணம் முழுக்க இப்படித் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, கையைக் கம்பியின்மேல் வைத்து நிறுத்திவிட்டேன். ஜனங்கள் கிட்டார் இல்லாமலே பாடி முடித்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்து, மெதுவாக, "ஏங்கண்ணு, நான் பாடுனது தப்பாயிருச்சா?" என்று கேட்டார்கள்.

அன்பானவர்களே, அவர்கள் பாடியதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என் விரலில் இருந்தது. ஆனால் புருஷனை அடக்கம்பண்ணி மூன்றே நாளான ஒரு தாய், என் அறியாமையினால், தன் பாட்டையே சந்தேகப்பட்டார்கள். "இல்லீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டியில் நாமக்கல் வரும்வரைக்கும் அந்த ராகத்தை வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து கம்பியில் தேடினேன். இரண்டாவது கம்பி, நான்காவது ஃப்ரெட். டி ஷார்ப். ஆர்மோனியக்காரர்கள் பாஷையில் இரண்டரைக் கட்டை. அவ்வளவுதான்! அது ஒன்றும் பரலோக இரகசியம் அல்ல. நான் படிக்காமல் விட்ட பாடம்.

அந்தப் பாடத்தைத்தான் இன்று எழுதுகிறேன்.

1. வரிசை தெரியும், தூரம் தெரியாது

நம்மில் அநேகர் ஸ்கேல் வாசிக்கிறோம். ச ரி க ம ப த நி ச என்று ஏறுவோம், அப்படியே இறங்குவோம். வேகமாகவும் வாசிப்போம். அந்த வருஷமே சேலத்தில் மேல்நாட்டு சங்கீதம் கற்றுக்கொடுத்த ஒரு பெரியவரிடம் போனேன். "ஸ்கேல் வாசி" என்றார். சரசரவென்று ஓட்டினேன். "சரி, இப்ப ச-விலிருந்து நேரா த-வுக்குத் தாவு" என்றார். என் விரல் மனதுக்குள் ரி க ம ப என்று எண்ணிக்கொண்டு ஓடியது. "மறுபடி ம-விலிருந்து நி-க்குப் போ" என்றார். அதுவும் அப்படியே.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "சேலத்திலிருந்து நாமக்கல் பஸ்ஸில் போகிறாய். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஊர்களை வரிசையாக ஒப்பிக்க உனக்குத் தெரியும். ஆனால் மல்லூரில் ஏறி புதுச்சத்திரத்தில் இறங்கினால் எத்தனை ஸ்டேஜ், என்ன சார்ஜ் என்று கண்டக்டருக்குத்தான் தெரியும். நீ இன்னும் பயணியாகவே இருக்கிறாய். கண்டக்டர் ஆகு!"

ஸ்கேலை வரிசையாக வாசிப்பது ஊர்ப்பெயரை ஒப்பிப்பது. இன்டர்வல் பழகுவது எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் தூரம் அறிவது. பாட்டு எங்கே தொடங்கினாலும் அங்கே ஏறிக்கொள்ள இந்த அறிவு வேண்டும்.

2. அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது

கிட்டாரில் ஒரு ஃப்ரெட் என்பது அரை ஸ்வரம். வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். பன்னிரண்டு ஃப்ரெட் ஏறினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும். இடையில் உள்ள தூரங்களை இப்படி மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்:

மைனர் தேர்ட் - 3 ஃப்ரெட்
மேஜர் தேர்ட் - 4 ஃப்ரெட்
ஃபோர்த் - 5 ஃப்ரெட்
ஃபிஃப்த் - 7 ஃப்ரெட்
மைனர் சிக்ஸ்த் - 8 ஃப்ரெட்
மேஜர் சிக்ஸ்த் - 9 ஃப்ரெட்
ஆக்டேவ் - 12 ஃப்ரெட்

தேர்ட் என்றால் முதல் ஸ்வரத்தையும் சேர்த்து எண்ணி மூன்றாவது. ச-வுக்கு க. ஃபிஃப்த் என்றால் ச-வுக்கு ப. புரிகிறதல்லவா?

நான் பகலில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன். டேப் எப்போதும் பாக்கெட்டில் இருக்கும். ஒருநாள் கிட்டாரையே அளந்து பார்த்தேன். நீங்களும் அளந்து பாருங்கள். தலைப்பக்கத்து நட்டிலிருந்து பாலம் வரைக்கும் கம்பியின் நீளம் 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 12-ஆவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 32.5-இல் இருக்கும். 7-ஆவது ஃப்ரெட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், 21.6-இல். 5-ஆவது ஃப்ரெட் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில், 16.3-இல். கம்பியைப் பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று சுத்தமாகப் பங்கிடுகிற இடங்களில்தான் காதுக்கு இனிமையான ஆக்டேவும் ஃபிஃப்தும் ஃபோர்த்தும் பிறக்கின்றன.

மேஜர் தேர்டு மட்டும் கொஞ்சம் வேறே மாதிரி. சுத்தமான தேர்ட் ஐந்தில் ஒரு பங்கில், அதாவது 13 சென்டிமீட்டரில் வரவேண்டும். ஆனால் 4-ஆவது ஃப்ரெட் 13.4-இல் இருக்கிறது. நாலு மில்லிமீட்டர் தள்ளி! பன்னிரண்டு பங்கும் சமமாக இருக்கட்டும் என்று பங்கு போட்டதினால் வந்த வித்தியாசம் இது. ஃப்ரெட்டில் வரும் தேர்ட் மனுஷ குரலில் வரும் சுத்தமான தேர்டைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். அதனால் கிட்டார் சரி, பாடுகிறவர்கள் தப்பு என்று ஒருபோதும் தீர்ப்புச் சொல்லாதிருங்கள்.

ஒரு ஸ்தாயியை எப்படிப் பங்கிடுவது என்கிற இதே கேள்விக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). சித்த வைத்தியர்; நம்மைப்போல வேதம் வாசிக்கிற கிறிஸ்தவர். 1917-இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் என்கிற பெரிய நூலில், ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கொள்கையை மறுத்து 24 என்று கம்பிக் கணக்குகளோடு வாதாடினார். நமக்கு முன்னே நடந்தவர்கள் கம்பியை அளந்தும் கணக்குப்போட்டும் படித்தார்கள். நாமோ நாலு கார்டு தெரிந்தவுடன் போதும் என்று உட்கார்ந்துவிடுகிறோம்!

3. கம்பிக்குக் கம்பி என்ன தூரம்?

தடித்த கம்பி ஆறாவது, மெல்லிய கம்பி முதலாவது. ஆறிலிருந்து வரிசையாக: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் ஃபோர்த், அதாவது 5 ஃப்ரெட் தூரம். ஆனால் மூன்றாவது கம்பி ஜி-க்கும் இரண்டாவது கம்பி பி-க்கும் நடுவே மட்டும் 4 ஃப்ரெட்தான். இந்த ஒரு இடத்தை மறந்தவன் இன்டர்வல் முழுவதிலும் தடுமாறுவான். நான் தடுமாறினேன்.

இப்போது பாருங்கள். ஏதோ ஒரு ஃப்ரெட்டில் விரல் வைத்திருக்கிறீர்கள். அடுத்த மெல்லிய கம்பியில்,

ஃபோர்த் வேண்டுமா? அதே ஃப்ரெட்.
ஃபிஃப்த் வேண்டுமா? இரண்டு ஃப்ரெட் மேலே, பாலத்தின் பக்கமாக.
மேஜர் தேர்ட் வேண்டுமா? ஒரு ஃப்ரெட் பின்னே, நட்டின் பக்கமாக.
மைனர் தேர்ட் வேண்டுமா? இரண்டு ஃப்ரெட் பின்னே.

ஜி-யிலிருந்து பி-க்குத் தாண்டும்போது மட்டும் எல்லாவற்றிலும் ஒரு ஃப்ரெட் மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மேஜர் தேர்ட் அதே ஃப்ரெட்டில் வரும், ஃபோர்த் ஒரு ஃப்ரெட் மேலே போகும்.

ஆக்டேவுக்கு ஒரு கம்பி விட்டுத் தாண்டுங்கள். ஆறிலிருந்து நான்குக்கும், ஐந்திலிருந்து மூன்றுக்கும் இரண்டு ஃப்ரெட் மேலே. நான்கிலிருந்து இரண்டுக்கும், மூன்றிலிருந்து ஒன்றுக்கும் மூன்று ஃப்ரெட் மேலே.

4. முதல் பயிற்சி: ஒரே கம்பியில்

இரண்டாவது கம்பியை எடுங்கள். சி ஸ்கேல், நம்முடைய சங்கீதத்தில் சங்கராபரணம். ஃப்ரெட் 1, 3, 5, 6, 8, 10, 12, 13. இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று இடைவெளி வருகிறது. எந்த மேஜர் ஸ்கேலுக்கும் இதே அளவுதான்.

இனி தேர்டாக வாசியுங்கள்: 1–5, 3–6, 5–8, 6–10, 8–12, 10–13. ச-க, ரி-ம, க-ப, ம-த, ப-நி, த-ச. ஒவ்வொரு தாவலையும் வாயால் பாடுங்கள். முதலில் பாடு, பிறகு கம்பியைத் தொடு. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. விரல் முந்திக்கொண்டால் காது தூங்கிவிடும்.

இது புதிய காரியம் என்று நினைக்காதிருங்கள். கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் சரளி வரிசை, ஜண்டை வரிசை முடித்து தாட்டு வரிசைக்கு வருவார்கள். தாட்டு என்றால் தாண்டுவது. ஸ்வரம் விட்டு ஸ்வரம் தாண்டிப் பழகவே அதை வைத்தார்கள். இந்த முறை புரந்தரதாசர் காலத்திலிருந்து வருகிறது என்பது மரபு. நம் வாலிபர்கள் கிட்டாருக்கு என்று தனியாகத் தாட்டு வரிசை இல்லை என்று எண்ணுகிறார்கள். இதோ, இருக்கிறது!

5. இரண்டாம் பயிற்சி: கை நகராமல்

ஆள்காட்டி விரல் 2-ஆவது ஃப்ரெட்டுக்கு, நடுவிரல் 3-க்கு, மோதிர விரல் 4-க்கு, சுண்டு விரல் 5-க்கு. கை அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. சி ஸ்கேல் இப்படி வரும்:

ஐந்தாவது கம்பி: 3, 5
நான்காவது கம்பி: 2, 3, 5
மூன்றாவது கம்பி: 2, 4, 5
இரண்டாவது கம்பி: 3, 5

இதைத் தேர்டாக வாசிக்கும்போது முதல் ஜோடி ஐந்தாவது கம்பி 3, நான்காவது கம்பி 2. அடுத்தது ஐந்தாவதில் 5, நான்காவதில் 3. மூன்றாவது ஜோடி நான்காவது கம்பியிலேயே 2, 5. பிறகு நான்காவதில் 3, மூன்றாவதில் 2. நான்காவதில் 5, மூன்றாவதில் 4. மூன்றாவது கம்பியிலேயே 2, 5. பிறகு மூன்றாவதில் 4, இரண்டாவதில் 3. கடைசியாக மூன்றாவதில் 5, இரண்டாவதில் 5. கடைசி ஜோடியைக் கவனித்தீர்களா? முதல் ஜோடி ச-க. கடைசி ஜோடியும் ச-க. ஆனால் முதலாவதில் ஒரு ஃப்ரெட் பின்னே போனோம், கடைசியில் அதே ஃப்ரெட். ஜி-க்கும் பி-க்கும் நடுவே உள்ள அந்த நாலு ஃப்ரெட்டின் வேலை இது.

ஏழு தேர்டுகளில் ச, ம, ப ஆகிய மூன்றின்மேல் வருவது மேஜர். ரி, க, த, நி ஆகிய நான்கின்மேல் வருவது மைனர். சி ஸ்கேலில் சி, எஃப், ஜி கார்டுகள் மேஜராகவும், டி, ஈ, ஏ கார்டுகள் மைனராகவும் ஏன் வருகின்றன என்று பலர் கேட்கிறீர்கள். இதுதான் காரணம்.

அடுத்து ஃபோர்த் பழகுங்கள்: ச-ம, ரி-ப, க-த, ம-நி, இப்படி. எல்லாம் 5 ஃப்ரெட். ம-நி மட்டும் 6 ஃப்ரெட், காதுக்கே கரகரப்பாக இருக்கும். ஃபிஃப்திலும் நி-யிலிருந்து மேல் ம-வுக்குப் போவது மட்டும் 7-க்குப் பதிலாக 6. அந்தக் கரகரப்பைத் தப்பு என்று எண்ணிப் பயப்படாதிருங்கள். ஸ்கேலின் அமைப்பே அப்படி.

6. மூன்றாம் பயிற்சி: கழுத்து நெடுகிலும்

மூன்றாவது கம்பியையும் இரண்டாவது கம்பியையும் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுங்கள். சி ஸ்கேலின் தேர்டுகள் கழுத்து நெடுகிலும் இப்படிப் போகும். முதல் எண் மூன்றாவது கம்பி, இரண்டாம் எண் இரண்டாவது கம்பி:

0–0, 2–1, 4–3, 5–5, 7–6, 9–8, 10–10, 12–12.

இப்போது இரண்டாவது கம்பியை விட்டு, மூன்றாவதையும் முதலாவதையும் மீட்டுங்கள். இது சிக்ஸ்த்:

0–0, 2–1, 4–3, 5–5, 7–7, 9–8, 10–10, 12–12.

இரண்டு வரியையும் ஒத்துப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம்! அங்கே 7–6, இங்கே 7–7. ஒன்றைப் படித்தவனுக்கு மற்றது ஏறக்குறைய வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த இராத்திரி நான் சந்தோஷத்தில் வெகுநேரம் தூங்கவில்லை.

பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. மெட்டு எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ, அதற்குத் தேர்டோ சிக்ஸ்தோ எது என்று கிட்டார்க்காரர் எடுத்துக்கொடுக்கலாம். எல்லா இடத்திலும் அது பொருந்தாது. கார்டோடு சேர்கிறதா என்று காது வைத்துக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.

7. யார் எந்தச் சுருதியில் எடுத்தாலும்

இப்போது அந்தத் துக்க வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். கீபோர்டு இல்லை, கேப்போ இல்லை. ஒரு தாய் பாட்டை எடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதலாவது, உடனே கார்டு பிடிக்கவேண்டாம். ஒரு அடி முழுவதும் கேளுங்கள். அநேக பாடல்களில் அடி முடிந்து இளைப்பாறுகிற ஸ்வரம் ஆதார ஸ்வரமாகிய ச. அதை வாய்க்குள் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதை ஐந்தாவது அல்லது ஆறாவது கம்பியில் மெதுவாகத் தேடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்கக்கூடாது. அன்றைக்கு அந்த அம்மாவின் ச, ஐந்தாவது கம்பியில் 6-ஆவது ஃப்ரெட்டில் இருந்தது.

மூன்றாவது, மேஜரா மைனரா என்று பாருங்கள். அவர்கள் பாடும் க, ச-விலிருந்து 4 ஃப்ரெட்டா, 3 ஃப்ரெட்டா? நாலு என்றால் மேஜர். மூன்று என்றால் மைனர்.

நான்காவது, மற்ற இரண்டு முக்கிய கார்டுகளின் வேரும் உள்ளங்கை அகலத்துக்குள்ளேயே இருக்கிறது. ச ஐந்தாவது கம்பி 6-இல் இருந்தால், ப அதற்கு நேரே ஆறாவது கம்பி 6-இல். ம ஆறாவது கம்பி 4-இல். டி ஷார்ப், ஏ ஷார்ப், ஜி ஷார்ப். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். விரலுக்கு மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடு. நாம் இரண்டாம் பயிற்சியில் படித்த சி ஸ்கேலை அப்படியே மூன்று ஃப்ரெட் மேலே தள்ளினால் டி ஷார்ப் ஸ்கேல். புதிதாக ஒன்றும் படிக்கவேண்டியதில்லை.

குரல் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே நின்றால் என்ன பண்றது? நிற்கும். ஜனங்கள் ஃப்ரெட் பார்த்துப் பாடுவதில்லை. அப்போது கிட்கிட்டென்று கார்டு அடிக்காமல், ச-வையும் ப-வையும் மட்டும் மென்மையாகத் தொட்டுக்கொண்டிருங்கள். ஜனங்களின் குரல் மெதுவாகப் பக்கத்து ஃப்ரெட்டுக்கு வந்து சேர்ந்தாலும் சேரும். வராவிட்டால் மௌனமாயிருப்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான்.

8. எப்படிப் பழகுவது?

தினமும் இருபது நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணிநேரம் அவசர அவசரமாக வாசிப்பதைவிட அது மேல். சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளே தாளம். நிமிஷத்துக்கு 60 தட்டு. தட்டுக்கு ஒரு ஸ்வரம். நாலு முறை தப்பில்லாமல் வந்தால் மட்டும் தட்டுக்கு இரண்டு ஸ்வரம். நம் சபையில் தறி ஓட்டுகிற ஒரு தம்பி இருக்கிறான். தறிச்சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு ச-க, ரி-ம என்று வாயால் பாடிக்கொண்டே வேலை செய்வான். கிட்டார் கையில் இல்லாதபோதும் பழகலாம் என்று அவனிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

முதல் வாரம்: ஒரே கம்பியில் தேர்ட்.
இரண்டாம் வாரம்: கை நகராமல் தேர்ட், ஏறுவதும் இறங்குவதும்.
மூன்றாம் வாரம்: ஃபோர்த்தும் ஃபிஃப்தும்.
நான்காம் வாரம்: கழுத்து நெடுகிலும் தேர்டும் சிக்ஸ்தும்.
ஐந்தாம் வாரம்: எல்லாவற்றையும் ஒரு ஃப்ரெட் மேலே, இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளி.
ஆறாம் வாரம்: வீட்டில் யாரையாவது பாடச் சொல்லி, கேட்டுக் கண்டுபிடிப்பது. அம்மா பாடினால் ரொம்ப நல்லது. அவர்கள் ஸ்கேல் சொல்லமாட்டார்கள்.

காதுக்கென்று ஒரு பயிற்சி. ஐந்தாவது கம்பியை வெறுமையாக மீட்டி ஒலிக்க விடுங்கள். அது ஏ, ஆறு கட்டை. அது ஒலிக்கும்போதே மூன்றாவது கம்பியில் 2, 4, 6, 7, 9, 11, 13, 14 என்று ஏ ஸ்கேலை ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். எந்த ஸ்வரம் சுருதியோடு இளைப்பாறுகிறது, எது வீட்டுக்குப் போகத் துடிக்கிறது என்று கேளுங்கள். 9-ஆவது ஃப்ரெட்டில் இளைப்பாறும். 13-இல் துடிக்கும்.

மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள். விரல்நுனி காய்க்கும்வரை எரியும், அது போகும். மணிக்கட்டு வலி அப்படியல்ல, அதோடு பிடிவாதம் வேண்டாம்.

"ஆவியானவர் நடத்துவார், எதுக்கு பாஸ்டர் இந்தப் பயிற்சியெல்லாம்?" என்று ஒரு வாலிபன் கேட்டான். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னவன்தான். 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தாவீது பாட்டுக்கென்று பிரித்தெடுத்தவர்களின் தொகை 288. அவர்கள் எல்லாரும் கற்றுத் தேறினவர்கள் என்று வேதம் எண்ணிச் சொல்லுகிறது. குருவும் சீஷனும் சரிசமமாகச் சீட்டுப்போட்டு முறை எடுத்தார்கள். பழகாத விரலை ஆவியானவர்மேல் சாட்டுவது நியாயமா? யோசியுங்கள்.

9. கடைசியாக ஒரு வார்த்தை

அந்த அம்மா 2015-இல் நித்திரையடைந்தார்கள். இடையில் ஒன்பது வருஷம். நான் இதையெல்லாம் பழகி முடித்தபின்பு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போய், "அம்மா, அன்னைக்கு நீங்க பாடுனது சரி. நான்தான் தப்பு" என்று சொல்லி, அந்தப் பாட்டை வாசித்துக் காட்டவேண்டும் என்று இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். போகவில்லை. இதை அறிக்கையாகவே எழுதுகிறேன்.

அவர்களுடைய ஆறுதல் கூட்டமும் அதே திண்ணையில்தான் நடந்தது. பேத்தி எழுந்து அதே கீர்த்தனையை எடுத்தாள். பாட்டியிடம் கேட்டுக் கேட்டுப் படித்தவள்போல, சுருதியும் ஏறக்குறைய அதே இரண்டரைக் கட்டை. ஒரு அடி கேட்டேன். ஐந்தாவது கம்பி, 6-ஆவது ஃப்ரெட். இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டேன். கடைசிச் சரணம்வரை ஜனங்கள் பாடினார்கள். ஒருவரும் கிட்டார் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணும் தான் பாடியது சரியா தப்பா என்று என்னிடம் கேட்கவில்லை.

யாரிடமாவது சொல்லவேண்டிய வார்த்தை உங்களிடம் இருந்தால், தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வாலிபர் கூட்டத்தில் கலந்து பேசக் கேள்விகள்:

1. ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் நடுவே எத்தனை ஃப்ரெட் தூரம்? மற்றக் கம்பிகளுக்கு எத்தனை?
2. ச ஆறாவது கம்பி 5-ஆவது ஃப்ரெட்டில் இருந்தால், ம-வும் ப-வும் ஐந்தாவது கம்பியில் எங்கே வரும்? (விடை: 5, 7)
3. சங்கராபரணத்தில் எந்த மூன்று ஸ்வரங்களின்மேல் மேஜர் தேர்ட் வருகிறது?
4. நாம் வாசிப்பதினால் யாருடைய பாட்டாவது நின்றுபோயிருக்கிறதா?

நான்காம் கேள்விக்கு விடையை எனக்கு எழுதவேண்டாம். ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் உங்கள் விரல்களையும் செவிகளையும் ஆசீர்வதிப்பாராக! ஆமென்.

உங்கள் சகோதர ஊழியன்